பந்தியில் ‘போதும்’ சொல்லிப் பழக: உடல் பருமன் சிகிச்சையில் வி.ஆர்.

எடை குறைப்பதற்காக டயட்டீஷியனைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு எதைச் சாப்பிட வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. சோறு ஒரு கப், காய் இரண்டு கப், பருப்பு, மோர், மாலையில் சுண்டல் என்று தாளில் எழுதி வாங்கி, பிரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்திருப்பார்கள். சிக்கல் வருவது மாலை ஆறு மணிக்கு. தாம்பரத்திலோ மாம்பலத்திலோ மின்சார ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது டீக்கடை வாணலியில் பஜ்ஜி பொரிகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் பிரிட்ஜ் கதவுத் தாள் உதவிக்கு வராது. அதைக் கடக்கப் பயிற்சி வேண்டும். ஆனால் உண்மையான டீக்கடையில் பயிற்சி எடுத்தால், தோற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பஜ்ஜி உள்ளே போகிறது.

மார்கழிக் கச்சேரிக்கு ஏறுகிறவர் அதற்கு முன் மாதக்கணக்கில் வீட்டில் சாதகம் செய்கிறார். சாப்பாட்டு விஷயத்தில் அப்படி சாதகம் செய்ய ஓர் இடத்தை உருவாக்கித் தருவதுதான் வி.ஆர். எனப்படும் மெய்நிகர் தொழில்நுட்பத்தின் வேலை. இதற்கான ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டினாலே எடை குறைந்துவிடாது. மருத்துவர், டயட்டீஷியன், மனநல நிபுணர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோர் தரும் சிகிச்சைக்கு இது ஒரு துணை. அதற்கு மேல் வாக்குறுதி தருகிறவர்களிடம் பணம் கட்டும் முன் யோசியுங்கள்.

யாருக்கு உடல் பருமன் என்கிறோம்

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் மீட்டர் அளவால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். 72 கிலோ எடையும் 165 செ.மீ. உயரமும் உள்ளவருக்கு 26.4. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் 25-க்கு மேல் கூடுதல் எடை, 30-க்கு மேல்தான் உடல் பருமன். இந்தியர்களுக்கு 2009-இல் மருத்துவர்கள் ஒருமித்து வகுத்த அளவுகோல் இன்னும் கடுமையானது: 23-லிருந்து கூடுதல் எடை, 25-லிருந்து உடல் பருமன். அதே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்கிறது, சர்க்கரை நோயும் முன்னதாக வருகிறது என்பதே காரணம். இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எச்சரிக்கைக் கோடு.

இதற்கு மன உறுதிக் குறைவுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரபணு, தூக்கம், சில மருந்துகள், சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு அதிகாலை மூன்று மணிக்குப் பசிக்கும் வாழ்க்கை முறை எல்லாம் இதில் சேரும். ஆனால் பழக்கங்களை மாற்றினால் பலன் உண்டு என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 இந்தியர்களைப் பின்தொடர்ந்து, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலிருந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் மாறிய குழுவில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அந்தக் குழுவின் எடை பெரிதாக இறங்காமலேயே இது நடந்தது. தராசு முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹெட்செட்டுக்குள் என்ன நடக்கிறது

இரண்டு லென்ஸ், அவற்றின் பின்னால் திரை. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படம் போவதால் மூளை அதில் ஆழத்தைக் காண்கிறது. தலை திரும்புவதைச் சென்சார்கள் உணர, அதற்கேற்ப நல்ல ஹெட்செட்டுகளில் வினாடிக்கு 72 முதல் 120 முறை படம் புதுப்பிக்கப்படுகிறது. இதில் இரண்டு வகை உண்டு. கூகுள் 2014-இல் கொண்டுவந்த அட்டைப்பெட்டி மாதிரி போன்றவை, போனைச் செருகிப் பார்க்கும் எளிய வகை. இவை தலை திரும்புவதை மட்டும் அறியும்; நீங்கள் முன்னால் குனிந்தால் படம் மாறாது. மெட்டா குவெஸ்ட் போன்ற தனி ஹெட்செட்டுகள் குனிவதையும் நகர்வதையும் கை அசைவையும் கூட அறியும். பார்த்துப் பழகும் பயிற்சிக்கு முதல் வகையே போதும். பொருளைக் கையில் எடுப்பதற்கும் உடற்பயிற்சிக்கும் இரண்டாவது வகை தேவை.

பொய் என்று தெரிந்தும் உடல் எப்படி ஏமாறுகிறது என்று பலர் கேட்பார்கள். வி.ஆரில் மொட்டைமாடி விளிம்பில் நிறுத்தினால், நிற்பது சமதரை என்று தெரிந்தே உள்ளங்கை வியர்க்கும். சாப்பாட்டுக்கும் அது பொருந்துகிறது. உண்ணுதல் கோளாறு உள்ளவர்களிடம் நிஜ உணவு, வி.ஆர். உணவு, புகைப்பட உணவு மூன்றையும் ஒப்பிட்டு இத்தாலிய ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட முடிவு: வி.ஆர். உணவு எழுப்பிய பதற்றம் நிஜ உணவுக்கு நெருக்கமாக இருந்தது. புகைப்படம் அந்த அளவுக்குத் தூண்டவில்லை. உடல் நிஜம்போல எதிர்வினை காட்டுவதால்தான் அங்கே எடுக்கும் பயிற்சிக்கும் மதிப்பு.

ஆசையை வரவிட்டு, இறங்கவிடுவது

மாலை, டீக்கடை, எண்ணெய் வாசனை, பஜ்ஜி. இவை நூறு முறை சேர்ந்து வந்தபின், கடையைப் பார்த்தாலே நாக்கில் நீர் ஊறுகிறது. மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறிய பாவ்லவ் பரிசோதனையின் கணக்கு இதுவே. கடையைப் பார்த்தும் பஜ்ஜி வராத அனுபவம் பலமுறை கிடைத்தால், அந்த முடிச்சுக்குப் போட்டியாக மூளை இன்னொரு பாடத்தைக் கற்கிறது. பழைய பாடம் அழிந்துவிடாது. புதியது அதைவிடப் பலமாக வளர வேண்டும்.

சிகிச்சையில் முதல் வேலை ஒரு பட்டியல். உங்களைத் தூண்டும் இடங்களையும் பண்டங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆசை எவ்வளவு என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவீர்கள். ஒருவருக்கு வீட்டு முறுக்கு டப்பா 35, டீக்கடை 60, மெரினாவில் மிளகாய் பஜ்ஜி 70, ஸ்வீட் கடைக் கண்ணாடி அலமாரி 75, கல்யாணப் பந்தி 90 என வரலாம். இன்னொருவருக்கு நடுநிசியில் போனில் உணவு டெலிவரி ஆப் திறப்பதே 95. தொடங்குவது 35, 40 உள்ளதிலிருந்து.

ஒரு அமர்வு மொத்தம் 45 முதல் 60 நிமிடம் என்றால், அதில் ஹெட்செட் தலையில் இருப்பது 15, 20 நிமிடமே. காட்சிக்குள் போனதும் பண்டத்தைப் பார்க்க வேண்டும், கையில் எடுக்க வேண்டும், முகத்துக்கு அருகே கொண்டுவர வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சிகிச்சையாளர் மதிப்பெண் கேட்பார். ஆசை ஏறும், உச்சத்தில் நிற்கும், பிறகு தானே இறங்கும். 70-இல் தொடங்கியது 35-க்கு வரும்வரை இருப்பது ஒரு வழி. முன்கூட்டியே ‘எனக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறேன்’ என்பதைச் சொல்லவைத்து அதைச் சோதிப்பது இன்னொரு வழி. ‘பத்து நிமிடம் தாங்க மாட்டேன், தலை வெடித்துவிடும்’ என்றவர் பத்து நிமிடம் தாங்கி வெளியே வந்தால், அவருக்கு அது பெரிய செய்தி. மதிப்பெண் குறையாவிட்டாலும் அந்த அமர்வு வெற்றிதான். எங்கள் கருத்தில் இந்த இரண்டாவது வழியே வெளியுலகில் அதிகம் கைகொடுக்கிறது.

தவறுகள் எங்கே நடக்கின்றன என்பதும் முக்கியம். ஆசை உச்சத்தில் இருக்கும்போது ‘நேரமாகிவிட்டது’ என்று கழற்றினால், தப்பித்து ஓடினால்தான் நிம்மதி என்ற தவறான பாடம் பதியும். பட்டினியோடு வந்தால் பசியையும் ஆசையையும் பிரிக்க முடியாது. சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து வருவது சரி. காட்சியைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தால் எதுவும் பதியாது. முடித்துவிட்டு, கஷ்டப்பட்டதற்குப் பரிசாக வழியில் ஒரு போண்டா சாப்பிட்டால் அன்றைய வேலை முழுக்க வீண்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு, ஒரே காட்சியில் நின்றுவிடுவது. புதிதாகக் கற்ற பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. கிளினிக் அறையில் அடங்கிய ஆசை தெருமுனையில் மறுபடி தலைதூக்கும். ஆகவே கடையை மாற்ற வேண்டும், பகலை இரவாக்க வேண்டும், கூட நண்பர் இருப்பதுபோலவும் தனியாக இருப்பதுபோலவும் பழக வேண்டும். பிறகு இரண்டு நாளுக்குள் நிஜக் கடை முன் போய் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வர வேண்டும். இந்த வீட்டுப்பாடம் இல்லாத வி.ஆர். பயிற்சி பாதிப் பயிற்சி.

வாசனை இல்லாதது ஒரு குறைதான். சாதாரண ஹெட்செட் கண்ணையும் காதையும்தான் ஏமாற்றும். சரியான கட்டத்தில் சிகிச்சையாளர் சூடான பஜ்ஜி இருக்கும் டப்பாவை மூக்கருகே திறந்து காட்டினால் அந்தக் குறை தீர்ந்துவிடும். செலவு பத்து, இருபது ரூபாய்.

கல்யாணப் பந்தி

நம் ஊரில் அதிகம் சாப்பிடவைப்பது பல நேரம் பசியோ ஆசையோ அல்ல, அன்பு. இலை முன் உட்கார்ந்ததும் இனிப்பு, வடை, நெய், இரண்டாம் முறை பாயசம். ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க, கல்யாண வீட்டுல வேண்டாம்னு சொல்லக் கூடாது’ என்று பெரியம்மா நிற்பார். மறுத்தால் அவர் மனம் நோகுமோ என்று தயங்கும் ஒரு கணத்தில் கரண்டி கவிழ்ந்துவிடும்.

இதற்குத் தேவை உறுதிமொழியைவிட ஒரு தயார் அசைவு. ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே கட்டிவைக்கும் திட்டத்தை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் விரிவாக ஆராய்ந்தார். ‘குறைத்துச் சாப்பிடுவேன்’ என்ற பொதுவான எண்ணத்தைவிட இது செயலுக்கு வருவது அதிகம். நம் பந்திக்கு ஏற்ப எழுதினால் இப்படி வரும்: ‘கரண்டி இலைக்கு மேல் வந்தால், என் வலது கை இலையின் மேல் விரியும், சிரித்துக்கொண்டே, போதும் பெரியம்மா, வயிறு நிறைஞ்சிருச்சு என்பேன்.’ வி.ஆரில் இதைக் கையால் செய்து, வாயால் உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். மனதுக்குள் சொல்வது போதாது. நெருக்கடியில் குரல் எழும்பாமல் போவதுதான் பலருக்கும் தோல்வி. ஒரு அமர்வில் ஆறேழு முறை, பரிமாறுகிறவரின் வற்புறுத்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி.

வெளிநாட்டு ஆப்களில் வருவது பீட்சாவும் பஃபே மேசையும்தான். அவை இங்கே பலருக்கு நாக்கைத் தொடுவதில்லை. அதனால் நம் காட்சியை நாமே படமெடுப்பது நல்லது. அது அவ்வளவு கடினமும் இல்லை. 5.7கே தரமுள்ள ஒரு 360 டிகிரி கேமரா போதும். மேசைப் பந்தி என்றால், உட்கார்ந்தவரின் கண் உயரமான சுமார் 1.2 மீட்டரில், நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டாண்டை நிறுத்துங்கள். இலை எதிரே இருக்கட்டும். கேமராவின் இரண்டு லென்ஸ் எடுக்கும் படங்களும் சேரும் கோடு பக்கவாட்டில் விழ வேண்டும். பரிமாறுகிறவர் முகம் அந்தக் கோட்டில் வந்தால் இரண்டாகப் பிளந்து தெரியும். யாரும் கேமராவை ஒரு மீட்டருக்கும் நெருங்கி நிற்க வேண்டாம். கரண்டி மட்டும் கிட்ட வரட்டும். இரண்டு, மூன்று நிமிடம் போதும். உறவினர்களை நடிக்கவைத்து, படத்தில் வரும் அனைவரிடமும் சம்மதம் வாங்கி எடுங்கள். நிஜக் கல்யாணத்தில் ஒளித்து எடுக்காதீர்கள். இத்தகைய படத்தை உட்கார்ந்தே பார்க்க வேண்டும். முன்னால் சாய்ந்தால் உலகமே கூடச் சாய்வதுபோல் இருக்கும், குமட்டும்.

மனதில் பதிந்த உடம்பு

பத்து கிலோ குறைந்த பிறகும் கண்ணாடியில் பழைய உருவத்தையே காண்பவர்கள் உண்டு. இத்தாலிய உளவியலாளர் ஜுசெப்பே ரிவா இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்: வெளியிலிருந்து பார்த்ததுபோல் மனதில் சேமித்த உடல் உருவம் சிலருக்குப் பூட்டிக்கொள்கிறது, உடம்பு அனுப்பும் புதிய தகவல்கள் அதைத் திருத்துவதில்லை. எவ்வளவு குறைத்தாலும் ‘நான் அப்படியேதான் இருக்கிறேன்’ என்ற சோர்வு வந்து, சிகிச்சையே கைவிடப்படுகிறது. வி.ஆரில் உங்களுக்குப் பதிலாகக் கண்ணாடி முன் நிற்கும் கணினி உருவமான ஓர் அவதார், உங்கள் கை அசையும் அதே கணத்தில் அசைந்தால், சில நிமிடங்களில் அது உங்கள் உடம்பாகவே தோன்றும். பூட்டைத் தளர்த்த இந்த உணர்வைப் பயன்படுத்துகிறார்கள்.

அவதார் நடத்தையையும் மாற்றுகிறது. நிக் யீ, ஜெரமி பெய்லென்சன் இருவரும் 2007-இல் இதை ஆய்வில் காட்டினார்கள். பெய்லென்சனும் ஜெஸ்ஸி ஃபாக்ஸும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன் முகம் கொண்ட அவதார் உடற்பயிற்சிக்கு ஏற்ப மெலிவதைப் பார்த்தவர்கள் கூடுதலாகப் பயிற்சி செய்தார்கள். ஆனால் இதை வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம். மெலிந்த உருவத்தை மட்டும் காட்டிக்கொண்டே இருந்தால் இருக்கும் உடம்பின் மீது வெறுப்பு வளரலாம். சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கமோ கடும் பட்டினி கிடக்கும் பழக்கமோ உள்ளவர்களுக்கு மனநல நிபுணர் பக்கத்தில் இல்லாமல் இந்தப் பகுதியைத் தொடவே கூடாது.

வியர்க்கவைக்கும் பகுதி

கணக்கை நேராகப் பார்ப்போம். கைவீசி, குனிந்து நிமிரும் வேகமான வி.ஆர். விளையாட்டை, ஓய்வைப்போல ஆறு மடங்கு உழைப்பு என வைத்துக்கொள்ளலாம். 80 கிலோ எடையுள்ளவர் 20 நிமிடம் ஆடினால் 160 கலோரி. சும்மா இருந்தாலே செலவாகியிருக்கும் 27-ஐக் கழித்தால் 133. ஏறத்தாழ ஒரு மெதுவடை. ஆகவே ஆடிவிட்டோம் என்று கூடுதலாகச் சாப்பிட இதில் இடமே இல்லை. இதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது: வெயிலிலும் மழையிலும், ஜிம்மில் மற்றவர் பார்வைக்குக் கூசுகிறவர்களும், வாரம் 150 நிமிடம் என்ற இலக்கை அறைக்குள்ளேயே எட்டலாம்.

விளையாட்டில் மூழ்கியவருக்குக் களைப்பு குறைவாகத் தெரியும். நன்மையும் அதுதான், ஆபத்தும் அதுதான். பேசிப் பாருங்கள்: ஒரு முழு வாக்கியத்தை மூச்சிரைக்காமல் சொல்ல முடிந்தால் அளவு சரி; இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் சக்கரமில்லாத உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து குத்துச்சண்டை வகை விளையாட்டுகளை ஆடலாம். குந்தி எழும் விளையாட்டு வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலியை நம்பாதீர்கள்.

இடம் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டராவது வேண்டும். சென்னை அடுக்குமாடி வீடுகளின் ஹாலில் டீப்பாயை நகர்த்தினால் கிடைத்துவிடும். மேலே மின்விசிறி இருப்பதை மறந்துவிடுவார்கள். உயரமானவர் கை தூக்கிப் பார்த்து, இறக்கையில் படாத இடத்தைத் தேர்வு செய்ய வேண்டும். டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டு ஆடினால் வழுக்கும். தரையில் ஒரு சின்ன ரப்பர் பாயை விரித்தால் நடு இடம் எது என்பது காலுக்கே தெரியும்.

தலைசுற்றலும் சர்க்கரை இறக்கமும்

கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு ‘இல்லை’ என்கிறது. இந்த முரண்தான் குமட்டலுக்குக் காரணம். முதல் நாள் ஐந்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளி நடப்பதைவிட, இடம் விட்டு இடம் தாவும் முறையைத் தேர்ந்தெடுங்கள். லென்ஸ் இடைவெளியை உங்கள் கண்மணி இடைவெளிக்குப் பொருத்துங்கள். பெரியவர்களுக்கு இது சராசரியாக 63 மி.மீ. முதல் அறிகுறியிலேயே கழற்றிவிட வேண்டும், பல்லைக் கடித்துத் தாங்கக் கூடாது. முடிந்த அரை மணி நேரத்துக்கு இருசக்கர வாகனம் ஓட்ட வேண்டாம்.

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், குமட்டல் ஆகியவை வி.ஆர். மயக்கத்தின் அறிகுறிகள், சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகளும் இவையே. ‘விளையாட்டினால்தான்’ என்று விட்டுவிட்டால் விபரீதம். குளுக்கோமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. வலிப்பு நோய் உள்ளவர்கள், தீராத தலைசுற்றல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஹெட்செட்டைத் தொட வேண்டாம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் பனிபோல் மங்கும்; விசிறியை முகத்துக்கு நேரே வைத்தால் தெளியும், தலைசுற்றலும் குறையும். முகத்தில் படும் பஞ்சில் வியர்வை ஊறி நாறும், தோல் அரிக்கும். துடைக்கக்கூடிய சிலிகான் உறை போடுங்கள். கிளினிக்கில் பலர் பயன்படுத்துவதென்றால் ஒவ்வொருவருக்கும் தனி உறை கேளுங்கள். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். சானிட்டைசர் பட்டால் பூச்சு போய்விடும். ஜன்னலோரம் வைக்கவே கூடாது. லென்ஸ் பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்துத் திரையில் பொட்டு பொட்டாகச் சுட்டுவிடும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

இதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. கட்டுப்பாடின்றி மொத்தமாகச் சாப்பிடும் பழக்கத்திலும், தன் உடம்பைப் பற்றிய எண்ணத்திலும் கிடைத்த பலன் தெளிவாகத் தெரிகிறது. கிலோ கணக்கில் அந்த அளவுக்குத் தெளிவு இல்லை. அதனால் அளப்பதையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும்: வாரத்தில் எத்தனை முறை கட்டுமீறிச் சாப்பிட்டீர்கள், பட்டியலில் உள்ள ஒவ்வொரு காட்சிக்கும் இப்போதைய மதிப்பெண் என்ன, எத்தனை முறை ‘போதும்’ என்று நிஜமாகச் சொன்னீர்கள். எடை வாரம் ஒருமுறை, இடுப்பு மாதம் ஒருமுறை. 80 கிலோ உள்ளவர் ஐந்து சதவீதம், அதாவது நான்கு கிலோ குறைத்து அதைத் தக்கவைத்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் நன்மை தெரியத் தொடங்கும்.

2025-இல் எடை குறைக்கும் ஊசி மருந்துகளான மவுன்ஜாரோவும் வெகோவியும் இந்தியாவுக்கு வந்தபின், ஊசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. அந்த மருந்துகள் பசியை நன்றாகவே அடக்குகின்றன. தேவைப்படுகிறவர்கள் மருத்துவர் சொல்படி தயங்காமல் எடுக்க வேண்டும். ஆனால் நிறுத்தினால் எடை பெருமளவு திரும்புவதும் தெரிந்ததே. பசி அடங்கியிருக்கும் அந்த மாதங்களில் டீக்கடையையும் பந்தியையும் கடந்துபோகப் பழகிக்கொள்வது எளிது. எடை குறைப்புக்கான பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் முதல் ஆண்டு இப்படியான காலமே.

கிளினிக்கில் சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். காட்சிகள் என் பட்டியலிலிருந்து வருமா, ஆப்பில் ஏற்கெனவே இருப்பவைதானா? ஹெட்செட் பதிவு செய்யும் என் கண் அசைவும் உடல் அசைவும் எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள்? கழற்றிய பிறகு அடுத்த இரண்டு நாளில் நான் எந்தக் கடை முன்னால் போய் நிற்க வேண்டும்?